மீட்டர் 54,000, ஸ்டிக்கர் 61,300

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு பத்திரிகை வந்ததும் நான் முதலில் விரிப்பது வாகன விளம்பரப் பக்கத்தை. வாங்கும் எண்ணம் ஏதும் இல்லை. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றில் 27 வருடம் கவுண்டரில் நின்றவன் நான். எந்த மொடல் என்ன விலைக்குப் போகிறது, எது விலைபோகாமல் தேங்கி நிற்கிறது என்று பார்ப்பது ஊறிப்போன பழக்கம். அண்மைக்காலமாக அந்தப் பக்கத்தில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 10 வருடம், 12 வருடம் ஓடிய வாகனங்கள் எல்லாவற்றுக்கும், ஓடிய கிலோமீற்றரைக் காட்டும் மீட்டர் 50,000க்கும் 80,000க்கும் இடையிலேயே நிற்கிறது.

வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் இரண்டு தடவை யாழ்ப்பாணம் போய் வருகிறார். கோயில், கல்யாணம், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு 8,000 கிலோமீற்றர் தாராளமாக ஏறிவிடும். 12 வருடத்தில் அதுவே ஒரு இலட்சத்தை நெருங்கும். இங்கே வருமுன் ஜப்பானில் ஓடியது வேறு. அப்படியென்றால் விளம்பரத்தில் இருக்கிற 54,000 எங்கிருந்து வந்தது?

கடந்த வருடம் ஓகஸ்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். என் தம்பியின் மகள் ஆசிரியை. மூன்று வருடமாகச் சீட்டுக் கட்டியும் சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் முற்பணம் சேர்த்து, மிச்சத்தை லீசிங்கில் போட்டு ஒரு கார் எடுக்க இருந்தாள். கொழும்பின் ஓரத்தில் ஒரு கார் சேலில் 2014ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா ஒன்று பிடித்துவிட்டதாம். வெள்ளை நிறம், கேட்ட விலை 67 இலட்சம், மீட்டர் 54,000. "பெரியப்பா, ஒருக்கா வந்து பாருங்கோ, நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கோணும்" என்று போன் எடுத்தாள்.

வாகனம் பார்வைக்கு அழகாகத்தான் நின்றது. பொலிஷ் போட்டு, ரயருக்குக் கறுப்பு அடித்து, உள்ளே வாசனை போத்தல் தொங்கவிட்டிருந்தார்கள். நான் பொனட்டைத் திறக்கவில்லை. முதலில் சாரதியின் கதவைத் திறந்து குந்தியிருந்து பிரேக் பெடலைப் பார்த்தேன். பெடல் ரப்பரின் வலது விளிம்பு தேய்ந்து கோடுகளே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. ஸ்டியரிங்கில் பத்து மணி நிலையில் கை பிடிக்கிற இடம் பளபளத்தது. சீற்றில் ஏறி இறங்குகிற பக்கத்து மூலையின் ஸ்பொஞ்சு அமுங்கி இருந்தது. 54,000 ஓடிய வாகனத்தில் இவை இப்படித் தேயாது.

அதன் பிறகுதான் கதவு நிலையின் உட்பக்கத்தில், கதவுப் பூட்டுக்குக் கீழே, உள்ளங்கையில் பாதியளவு ஒரு ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. ஜப்பானில் ஒயில் மாற்றினால் கராஜ்காரர் ஒட்டிவிடுகிற ஸ்டிக்கர் அது. என்றைக்கு மாற்றினது, எத்தனை கிலோமீற்றரில் மாற்றினது என்று பேனாவால் எழுதியிருப்பார்கள். ஆண்டை நம்மைப் போல் எழுதுவதில்லை, பேரரசரின் ஆட்சியாண்டை வைத்து எழுதுவார்கள். இதில் ஹெய்செய் 28 என்று இருந்தது. ஹெய்செய் ஆண்டோடு 1988ஐக் கூட்டினால் நம்முடைய ஆண்டு வரும். ஆக 2016. பக்கத்தில் நீல மையில் 61,300.

அதாவது ஒன்பது வருடத்துக்கு முன்பு, இலங்கைக்குக் கப்பல் ஏறும் முன்பே, 61,300 ஓடிய கார். கொழும்பில் ஒன்பது வருடம் ஓடிய பிறகு அதன் மீட்டர் 54,000 காட்டுகிறது.

விற்பனைக்கு நின்ற இளைஞனைக் கூப்பிட்டு ஸ்டிக்கரைக் காட்டினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் உரித்து எறிந்திருப்பார்கள். விளங்கப்படுத்தினதும் அவர் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. "அங்கிள், இப்ப எல்லா வாகனமும் இப்படித்தான். நாங்க குறைக்காட்டி பக்கத்து யார்ட்டுல குறைப்பாங்க. உண்மை மீட்டரோட வச்சா ஆறு மாசத்துக்கும் போகாது" என்றார். என் பெறாமகள் அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். மூன்று வருடக் காசு.

அந்தப் பையன் மேல் எனக்கு ஆத்திரம் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

முந்தி மீட்டரைக் குறைப்பது கைவேலை. டாஷ்போர்ட்டைக் கழற்றி, மீட்டரைத் திறந்து, எண் சக்கரங்களை ஊசியால் பின்னுக்குத் தள்ளவேண்டும். அப்படிச் செய்தால் எண்கள் ஒரே கோட்டில் நிற்காது, ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கும். பழகிய கண் ஒரு பார்வையில் பிடித்துவிடும். இப்போது எண் மீட்டருக்குள் இருக்கிற சிப்பில் பதிவாகி இருக்கிறது. ஒரு லெப்டொப்பும் ஒரு வயரும் போதும். கடையில் வேலை செய்த காலத்தில் அந்த வேலையை ஒருதடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாங்கி வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் 1,40,000 என்றிருந்தது 70,000 ஆனது. திரையில் ஒரு கோணலும் இல்லை, ஒரு தடயமும் இல்லை. அந்த வாகனத்தை வாங்கப் போகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவும் இல்லை. அது இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

விலையில் நாலு இலட்சம் ஐந்து இலட்சம் ஏமாற்றுகிறார்கள், அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கலாம். அதோடு நிற்பதில்லை. வாகனத்தைப் பராமரிக்கிற கணக்கு முழுவதும் மீட்டரில்தான் தொங்குகிறது. டைமிங் பெல்ட் போட்ட பல ஜப்பானிய இஞ்சின்களுக்கு 1,00,000 கிலோமீற்றரில் பெல்ட் மாற்றவேண்டும். மீட்டர் 60,000 என்று காட்டினால் வாங்கினவர் இன்னும் 40,000 இருக்கிறதென்று நிம்மதியாக ஓடுவார். உண்மையில் அந்த பெல்ட் எப்போதோ தன் காலத்தைக் கடந்திருக்கும். ஹபரணைக் காட்டுக்குள் இரவு பத்து மணிக்கு அறுந்தால் குடும்பத்தோடு நடுரோட்டில் நிற்கவேண்டியதுதான். சில இஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சினே போய்விடும். சீவீரி கியர்பொக்ஸ் ஒயில், இரிடியம் பிளக், கூலண்ட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மீட்டரைக் குறைப்பவன் அடுத்தவனின் சேர்விஸ் கணக்கையும் சேர்த்து அழிக்கிறான்.

ஹைபிரிட் வாகனத்தில் இது இன்னும் மோசம். எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒருவர் மீட்டர் குறைவு என்று நம்பி அக்வா ஒன்று வாங்கினார். ஏழாம் மாதம் டாஷ்போர்ட்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அக்வாவின் பெரிய பற்றரி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. 7.2 வோல்ட் கொண்ட 20 துண்டுகளைத் தொடுத்து 144 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அது சூடாகும், ஆறவைக்கச் சின்ன விசிறி ஒன்று பின்சீற்றின் பக்கத்தில் இருக்கிற துவாரத்தால் காற்றை இழுக்கும். அந்தத் துவாரத்து வலையை நான் கழற்றியபோது உள்ளே தூசும் தலைமயிரும் சீற் கவரில் இருந்து உதிர்ந்த நூலும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்துக்கிடந்தன. முதல் உரிமையாளர் போட்ட தடித்த ரெக்சீன் கவர் துவாரத்தையே பாதி மூடியிருந்தது. பத்து நிமிடத்தில் துப்புரவாக்கக்கூடிய வேலை, ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு ஒரு கராஜில் பழுதான ஒரே ஒரு துண்டை மட்டும் வேறொரு பழைய பற்றரியிலிருந்து எடுத்து மாற்றிக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். களைத்துப்போன 19 பேரோடு புதிதாக ஒருவனைக் கட்டி ஓடவிட்டால் எப்படி? சார்ஜ் சமமாக நிற்காது, அடுத்த பலவீனமான துண்டு விழும். நாலு மாதத்தில் முக்கோணம் திரும்ப எரிந்தது.

இனி எயார்பேக். இதை வாசிக்கிற ஒவ்வொருவரும் கவனிக்கவேண்டும். டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பனி செய்த எயார்பேக்குகளில் காற்றை நிரப்ப அமோனியம் நைத்திரேற்று என்ற இரசாயனத்தைப் பாவித்தார்கள். வெப்பமும் ஈரப்பதனும் வருடக்கணக்கில் பட்டால் அது கெட்டுப்போகும். கெட்டபின் விபத்து நேர்ந்தால் எரிகிற வேகம் தாங்காமல் இரும்புக் கூடே வெடித்து, தகரத் துண்டுகள் சாரதியின் கழுத்துக்கும் முகத்துக்கும் வரும். உலகம் முழுவதும் ஏறத்தாழ 10 கோடி எயார்பேக் பாகங்கள் திருப்பி அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் டகாட்டா வங்குரோத்தானது. டொயோட்டா, ஹொண்டா, நிசான், மஸ்டா, சுபாரு என்று அதில் சிக்காத பெரிய பெயர் குறைவு.

வெப்பமும் ஈரப்பதனும் என்று சொன்னேன். கொழும்பை விட அதற்குப் பொருத்தமான ஊர் எது? ஆனால் மாற்றித் தருகிறோம் வாருங்கள் என்ற கடிதம் ஜப்பானில் கடைசியாக அந்தக் காரை வைத்திருந்தவரின் முகவரிக்குத்தான் போகும். கார் நிற்பது வத்தளையில். இங்கே சில முகவர் நிறுவனங்கள் அறிவித்தல் போட்டு இலவசமாக மாற்றிக் கொடுத்தன, அதை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனாலும் மூன்று கை மாறிய வாகனத்தை இப்போது யார் வைத்திருக்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அடிச்சட்டத்து இலக்கத்தை ஜப்பானியக் கம்பனியின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அது ஜப்பானிய மொழியில் இருக்கும், போனிலேயே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். என் ஒழுங்கையில் ஆறு வாகனங்களுக்கு நானே பார்த்துக் கொடுத்தேன். ஒன்று அகப்பட்டது. அந்தக் காரில் தினமும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பொறுப்பான முகவரிடம் அனுப்பி மாற்றினார்கள்.

இவ்வளவும் ஏன் நடக்கிறது என்று கேட்டால், வாகனத்தின் வரலாறு இரண்டு இடத்தில் அறுகிறது என்பதே என் பதில். ஒன்று துறைமுகத்தில். மற்றது ஓப்பன் பேப்பரில்.

ஜப்பானில் ஒரு காருக்கு முதல் மூன்று வருடத்திலும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும் அரசாங்கப் பரிசோதனை உண்டு. ஷாகென் என்பார்கள். அந்தச் சான்றிதழில் மீட்டர் எண் அச்சடிக்கப்பட்டிருக்கும். ஏலத்துக்குப் போகும்போது ஒக்ஷன் ஷீட் எழுதுவார்கள். காரின் படத்தை வரைந்து, கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, தட்டிப் பெயின்ட் அடித்ததற்கு டபிள்யூ, மாற்றிய பாகத்துக்கு எக்ஸ்எக்ஸ், கறளுக்கு எஸ் என்று ஒவ்வொரு பாகத்திலும் குறித்திருப்பார்கள். விபத்தில் அடிபட்டுத் திருத்தியது என்றால் தரத்தில் ஆர் என்று விழும். இவ்வளவு ஒழுங்கான கடதாசியோடு வருகிற வாகனம் இங்கே யார்ட்டுக்கு வந்ததும் கடதாசி காணாமற் போகிறது. அல்லது கணினியில் ஆர் என்பதை 4.5 என்ற நல்ல தரமாக்கி ஒரு போட்டோக்கொப்பி தருகிறார்கள். இறக்குமதி செய்தவர் மூலச் சீட்டைத் தரக் கடமைப்பட்டவர் என்று ஆக்கவேண்டும்.

ஓப்பன் பேப்பர் என்பது உங்கள் வாசகர்களில் பலருக்குப் பழக்கமானதுதான். விற்பவர் மாற்றுப் படிவத்தில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குபவரின் பெயரை எழுதும் இடம் காலியாக இருக்கும். அந்தக் கடதாசியோடு வாகனம் மூன்று நாலு கை மாறும். பதிவுக் கட்டணம் மிச்சம், நடுவில் நின்ற புரோக்கரின் பெயரும் எங்கும் வராது. நாரஹேன்பிட்டியில் இருக்கிற மோட்டார் வாகனத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகத்தில் இன்னமும் முதல் ஆளின் பெயர்தான். என் கூட்டாளி ஒருவர் வானை இப்படி விற்று இரண்டு வருடம் கழித்து, அது யாரையோ இடித்துவிட்டு நிற்காமல் போன வழக்கில் பொலிஸில் போய் நின்றார். விற்ற கையெழுத்தின் பிரதிகூட அவரிடம் இல்லை. மனைவியின் சத்திரசிகிச்சைக்குக் காசு தேவைப்பட்ட அவசரத்தில் விற்றவர் அவர். எட்டு மாதம் அலைந்தார்.

இந்த இடத்தில் என் அப்பாவின் காரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாவகச்சேரியில் எங்களிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 இருந்தது. 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பொனட்டுக்குள் கட்டித் தொங்கவிட்ட சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்கு விட்டு ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அப்பா. குறைந்த அமுக்கத்தில் வேலை செய்கிற பழைய இஞ்சின் என்பதால் அது தாங்கியது. பிளக் கரி பிடிக்கும், இரண்டு நாளைக்கு ஒருதடவை கழற்றி மண் கடதாசியால் உரசுவது என் வேலை. எனக்கு வாகனப் பைத்தியம் பிடித்தது அந்தக் கரியில்தான். அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அப்பா ஒரு மொனிட்டர்ஸ் கொப்பி வைத்திருந்தார். ஒயில் மாற்றியது, பிரேக் சூ போட்டது, யாரிடம் எந்தத் திகதியில் எவ்வளவுக்கு வாங்கியது, அதற்கு முன் யார் வைத்திருந்தார் எல்லாம் அதில் இருக்கும். இடம்பெயர்ந்தபோது கார் போய்விட்டது. கொப்பி என்னிடம் இருக்கிறது.

அந்தக் கொப்பி மாதிரி ஒன்றைத்தான் நான் அரசாங்கத்திடம் கேட்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. ஏறத்தாழ ஐந்து வருடம் இந்த நாட்டில் இருந்த வாகனங்களையே ஒருவருக்கொருவர் விற்றோம். வாங்கின விலைக்கு மேல் விற்றோம். 2022இல் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை ஏறியது, கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது, அப்போதும் வேகன் ஆர்களுக்குக் கிராக்கி குறையவில்லை. விலை ஏற ஏற மீட்டரைக் குறைப்பதில் கிடைக்கிற இலாபமும் ஏறியது. மறுபடி திறந்தபோது போட்ட வரியையும் பாருங்கள். சுங்கத் தீர்வை 20 வீதம், தீர்வைக்கு மேல் 50 வீத மேலதிகக் கட்டணம், இஞ்சின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி, விலை கூடினால் ஆடம்பர வரி, எல்லாவற்றின் தலையிலும் 18 வீத வற் என்கிற பெறுமதி சேர் வரி. ஆசிரியையும் தாதியும் கடைச் சிப்பந்தியும் புது வாகனத்தைக் கிட்டே போய்ப் பார்க்கவும் முடியாது. அவர்களுக்கு விதிக்கப்பட்டது பத்து வருடப் பழசு. அந்நியச் செலாவணி இல்லாத நாட்டில் வரி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மக்களைப் பழைய வாகனத்துக்குத் தள்ளுகிற அரசாங்கம் அந்தப் பழைய வாகனத்தைப் பற்றிய உண்மையையாவது அவர்களுக்குக் கொடுக்கவேண்டும்.

இஞ்சின் அளவுக்கு வரி என்பதால் சின்ன இஞ்சின்களாகவே வந்து குவிகின்றன. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஜப்பானின் 660 சீசீ கேய் கார்களைப் போல் புத்திசாலித்தனமான வடிவமைப்பு வேறு கிடையாது என்பது என் கட்சி. நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றருக்கு மேல் போகக்கூடாது என்ற சட்டத்துக்குள் நாலு பெரியவர்களைக் கால் நீட்டி இருக்கவைக்கிறார்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் எதிரே ஓட்டோ வந்தாலும் ஒதுங்கலாம்.

நான் கேட்கிற அந்தக் கொப்பிக்குச் செலவான புது இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டுமென்றால் ஒவ்வொரு வருடமும் வாகனம் புகைப் பரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும். அங்கே ஒரு ஆள் சாரதி ஆசனத்தில் ஏறி இஞ்சினை முறுக்குகிறார். அவர் கண்ணுக்கு முன்னால்தான் மீட்டர் இருக்கிறது. அன்றைய எண், வாகன இலக்கத்தை அடித்தால் யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் வருடா வருடம் சேரவேண்டும். மின்சார வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை இல்லை, அவற்றுக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது பதியலாம். துறைமுகத்தில் இறங்குகிற நாளில் ஜப்பானியச் சான்றிதழில் இருக்கிற எண் முதல் வரியாக விழவேண்டும். பிரித்தானியாவில் எம்ஓரீ என்ற வருடாந்த வாகனப் பரிசோதனையின் மீட்டர் எண்களை வாகன இலக்கம் தெரிந்த எவரும் இலவசமாகப் பார்க்கலாம். லண்டனில் இருக்கிற என் மைத்துனர் பழைய கார் வாங்கும்போது யார்ட்டில் நின்றபடியே போனில் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். பெல்ஜியத்தில் 2006 முதல் கார்-பாஸ் என்று ஒன்று இருக்கிறது. கராஜுக்கு வாகனம் போகிற ஒவ்வொரு தடவையும் மீட்டர் பதிவாகும், அந்தத் தாள் இல்லாமல் பழைய காரை விற்க முடியாது. பெல்ஜியத்துக்கு முடிந்தது, புகைப் பரிசோதனையை இவ்வளவு வருடமாக நடத்துகிற நமக்கும் முடியும்.

இதே பதிவில் வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களையும் சேர்க்கவேண்டும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்து களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, கடுவலைப் பக்கங்களில் கூரை மட்டும் தெரிய நின்ற வாகனங்களைப் படங்களில் எல்லோரும் பார்த்தோம். காப்புறுதி நட்டஈடு கொடுத்து முடித்த பிறகு அவற்றில் பல கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும். 2016 மே வெள்ளத்துக்குப் பிறகும் வந்தன, நானே பாகம் விற்றிருக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பெல்ட்டின் முடிவில் ஒரு மங்கிய மண் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் கழுவுவார்கள், உருளைக்குள் சுருண்டு கிடக்கிற அந்தக் கடைசி முழத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். ஸ்பெயார் ரயருக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், மணல் நெருடும்.

வாங்குகிற எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். அந்த விற்பனைப் பையன் சொன்ன பாதி உண்மை இதுதான்: உண்மை மீட்டரோடு வைத்தால் நாங்கள் வாங்குவதில்லை. 1,50,000 என்று கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோம். நான் ஓட்டுவது 1997ஆம் ஆண்டு கொரோலா 110. 5ஏ ரக இஞ்சின், 2,84,000 தாண்டிவிட்டது. 5,000க்கு ஒரு தடவை ஒயில் மாற்றுகிறேன், பெல்ட் மூன்று தடவை மாறிவிட்டது, இன்றைக்கும் காலையில் அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆகும். கடற்காற்றில் நிறுத்திவைத்து, மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் எடுக்கிற 60,000 கிலோமீற்றர்க் காரை மரைன் டிரைவ் ஓரத்து ஒழுங்கைகளில் போய்ப் பாருங்கள். அடித்தகரம் கறள் பிடித்து விரலால் குத்தினால் உதிரும். பிரேக் பைப்பும் கறள் பிடித்திருக்கும். மீட்டர் எண் குறைவு என்பதற்காக அதற்கு ஐந்து இலட்சம் கூடக் கொடுக்கிறார்கள்.

நேர்மையாக வியாபாரம் செய்கிற யார்ட்காரர்களும் இருக்கிறார்கள், எனக்குச் சிலரைத் தெரியும். உண்மை மீட்டரை எழுதி வைத்துவிட்டு வாடகை கொடுக்க முடியாமல் நிற்கிறார்கள். பதிவு வெளிப்படையானால் முதலில் பிழைக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு விளம்பரப் பக்கத்தில் வாகனத்துக்கு மீட்டர் எண் போட விரும்புகிறவரிடம், அதற்கு ஆதாரமாக ஒரு சேர்விஸ் பில்லாவது காட்டும்படி கேட்க முடியுமா? காட்ட முடியாதவர் எண் இல்லாமல் விளம்பரம் போடட்டும். தமிழ்ப் பத்திரிகை ஒன்று இதைத் தொடங்கினால் மற்றப் பத்திரிகைகளும் யோசிக்கும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை மும்மொழியிலும் எழுதித் தந்தது என் பெறாமகள்தான்.

அவள் பிறகு தெஹிவளையில் ஒரு குடும்பத்திடம் நேரடியாக ஒரு வேகன் ஆர் எடுத்தாள். மீட்டர் 1,31,000. வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் வைத்திருந்தது. ஒவ்வொரு சேர்விஸ் பில்லையும் பிளாஸ்டிக் கோப்பில் திகதிவாரியாக அடுக்கியிருந்தார். உரிமை மாற்றத்துக்கு இரண்டு பேரும் ஒன்றாகவே போய்க் கையெழுத்து வைத்தார்கள். போன சனிக்கிழமை ஒயில் மாற்றிக் கொடுத்தேன். கதவு நிலையில் ஜப்பானிய ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டு, அதற்குக் கீழே வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டித் திகதியையும் 1,34,650 என்ற எண்ணையும் அவள் கையாலேயே எழுதச் சொன்னேன்.

இப்படிக்கு,
பழைய கவுண்டர்க்காரன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.